வளர்ச்சிக்குப் பிறகு என்ன? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரமும் சனத்தொகையும் முடிவே இல்லாமல் பெருகிக்கொண்டு போக முடியாது, பெருகுவதை மட்டும் நம்பியிராத ஒரு வாழ்க்கையைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டும் என்று நானும் சில நண்பர்களும் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலும் மேற்குப் பக்கமான படுவான்கரையிலும், அப்புறம் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் பேசி வருகிறோம். வாசிகசாலையில், மீனவர் சங்கக் கூட்டத்தில், ரியூஷன் வகுப்பு முடிந்த கையோடு என்று கிடைத்த இடத்தில் எல்லாம். எங்கே போனாலும் அநேகமாக இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலது கோபமாக வரும், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நீளமானதுதான், உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேரே போய்விடலாம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்னதான் சொல்ல வருகிறீர்கள்?

பூமி பெரிதாகப் போவதில்லை. அதிலிருந்து நாம் எடுப்பதும் அதற்குள் நாம் கொட்டுவதும் மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு நாடு நன்றாக இருக்கிறதா என்பதை "இந்த வருடம் எத்தனை வீதம் வளர்ந்தது" என்று பார்த்துச் சொல்வதை விட்டுவிட வேண்டும். சனங்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், வைத்தியம், படிப்பு, கௌரவமான வேலை கிடைத்ததா, அதைத் தந்த மண்ணும் குளமும் கடலும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் தருகிற நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி எடுக்கிறவர்கள் குறைக்க வேண்டும், இல்லாதவர்களுக்குக் கூட வேண்டும், சனத்தொகை யாரையும் வற்புறுத்தாமல் ஒரு நிலைக்கு வர வேண்டும். இவ்வளவுதான்.

வருடத்துக்கு மூன்று வீதம் வளர்வது அப்படி என்ன பெரிய விஷயம்?

நுண்கடன் எடுத்து வட்டிக்குள் மாட்டுப்பட்ட பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர், அவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வட்டிக்கு வட்டி ஏறுகிற அதே கணக்குத்தான் வளர்ச்சிக்கும். 70-ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். மூன்று வீதம் என்றால் 23 வருடம். இன்றைக்குக் கல்லடியில் பிறக்கிற பிள்ளைக்கு 23 வயதாகும்போது பொருளாதாரம் இரண்டு மடங்கு, 46 வயதில் நான்கு மடங்கு, 70 வயதில் எட்டு மடங்கு. நூறு வருடத்தில் 19 மடங்கு. அந்தப் பிள்ளை பார்க்கிற வாவியும் கடற்கரையும் அப்போதும் இதே அளவுதான், கொஞ்சம் குறைந்தும் போயிருக்கும்.

காசு கூடினால் பொருளும் கூட வேண்டுமா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. இதுவரை கூடித்தான் வந்திருக்கிறது. 1970-இல் மண், கல், தாது, எரிபொருள், பயிர், மரம் என்று உலகம் முழுவதும் தோண்டியும் வெட்டியும் எடுத்தது ஏறத்தாழ 3,000 கோடி தொன். இப்போது 10,000 கோடி தொன்னைத் தாண்டிவிட்டது. இந்தக் காலத்தில் சனத்தொகை கூடியது இரண்டு மடங்குக்குச் சற்று மேல், எடுப்பது கூடியதோ மூன்று மடங்குக்கு மேல். அப்படியென்றால் ஆளுக்கு எவ்வளவு என்ற அளவும் கூடியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சனத்தொகைக் கேள்வி வரும்போது தேவைப்படும்.

ஜி.டி.பி. (மொத்த உள்நாட்டு உற்பத்தி) கணக்கில் என்ன பிழை? உலகம் முழுவதும் அதைத்தானே பார்க்கிறார்கள்?

அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலனை அதன் வருமானத் தொகையை வைத்து ஊகித்துவிட முடியாது என்று எழுதி வைத்தார். கணக்கை எடுத்துக்கொண்டார்கள், அவர் சொன்ன எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

தூரத்துக்குப் போகத் தேவையில்லை, அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். டென்மார்க் கடனில் துறைமுகம் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கரையோரமாக நகர்ந்து போகிற மணலை அலைத்தடுப்புச் சுவர் மறித்துவிட்டது. அதனால் துறைமுக வாயில் மண்ணால் தூர்ந்து மீனவர்களின் படகுகளே உள்ளே வர முடியாத நிலை வந்தது, அந்தப் பக்கத்துக் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளைக் கொண்டுபோனது, வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறியது. வேர் எல்லாம் வெளியே தெரிய, பாதி சரிந்து நிற்கிற தென்னையைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். இப்போது கணக்கைப் பாருங்கள். துறைமுகம் கட்டின செலவு வளர்ச்சியில் சேரும். வாயிலில் இருந்து மண் அள்ளுகிற செலவும் சேரும். கரையைக் காப்பாற்றக் கல் ஏற்றி வந்து போடுகிற செலவு, அதை ஏற்றின லொறி குடித்த டீசல், எல்லாமே சேரும். கடல் கொண்டுபோன காணி எங்கேயும் கழிபடாது. தென்னையை இழந்தவர் தேங்காயைக் கடையில் வாங்கத் தொடங்கினால் அதுவும் வளர்ச்சிதான்.

பள்ளக்காட்டுக் குப்பைமேடும் இப்படித்தான். அம்பாறை மாவட்டத்தில் சுற்றியுள்ள ஊர்களின் குப்பையை அங்கே கொட்டுகிறார்கள், யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்கின்றன. எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படிச் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்திகளிலேயே வந்தது. பொலித்தீன் விற்றது கணக்கில் இருக்கிறது, யானை இல்லை.

அதே மாதிரி, வீட்டில் ஓர் அம்மா விடிய எழும்பிச் சமைப்பது, நோயாளியைப் பார்ப்பது, கொல்லையில் கீரை நடுவது, பன் வெட்டிக் காயவைத்துத் தன் வீட்டுக்குப் பாய் இழைப்பது, அதில் அநேகமானது அந்தக் கணக்குக்குள் வராது.

அப்படியென்றால் 2022 பொருளாதார நெருக்கடியைப் போல எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நிற்கச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. வர வேண்டிய கேள்விதான்.

இல்லை. 2022-இல் நடந்தது, வளர்ச்சியையே நம்பிக் கட்டின பொருளாதாரம் ஓடமுடியாமல் விழுந்தது. அந்த வருடம் நாட்டின் மொத்த உற்பத்தி ஏழு வீதத்துக்கு மேல் சுருங்கியது. யாரைக் கேட்டும் சுருங்கவில்லை, எதை முதலில் காப்பாற்றுவது என்று யாரும் திட்டம் போடவும் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் சின்ன இயந்திரப் படகுக்காரர் கரையில் உட்கார்ந்திருந்தார்கள், அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிற வீடுகள் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தன, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வசதியானவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். சுற்றுச்சூழலாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை, எரிவாயு இல்லாத வீடு விறகுக்குத்தானே போகும்.

நாங்கள் பேசுவது தலைகீழான ஒழுங்கு. முதலில் எல்லோருக்கும் அடிப்படைத் தேவைகள் உறுதியாக வேண்டும், அரிசி, மருந்து, பஸ், பள்ளிக்கூடம், தண்ணீர். அதற்குப் பிறகு எது மிகை என்று பார்த்து அதைக் குறைப்பது. மிகையை வைத்திருப்பவர்கள்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். வளர்ச்சி நின்றால் ஏழை முதலில் விழுகிற மாதிரி நாட்டை வைத்துக்கொண்டு வளர்ச்சி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன்.

சேதனப் பசளை (இயற்கை உரம்) விஷயத்தில் பட்டது போதாதா?

அந்தக் காயம் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் இன்னும் ஆறவில்லை, தெரியும். 2021 சித்திரை, வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், அந்த வருடம் கார்த்திகையில் தடையை எடுத்தார்கள். அதற்கிடையில் பெரும்போகத்துக்கு விதைத்தவர்களின் வயிற்றில் அடித்தாயிற்று. இரசாயனப் பசளைக்கு மட்டும் பழகிய மண்ணுக்கும், அதற்கென்றே உருவாக்கிய நெல்லினங்களுக்கும் ஒரே போகத்தில் சாப்பாட்டை மாற்ற முடியாது. கூட்டெரு செய்ய மாடு வேண்டும், குழை வேண்டும், ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வருடங்கள் வேண்டும். வெள்ளாமை செய்கிறவரைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பது சரி, அதைச் செய்த விதம் கொடுமை. ஒரு மாற்றம் எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்குப் படிப்படியாக, இழப்புக்கு ஈடு கொடுத்து, சனங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்தப் போகமும் ஒரு காரணம்.

எல்லைக்குள் வாழ்வது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எங்கேயாவது நடந்திருக்கிறதா?

நம் வட்டையிலேயே, அதாவது வயல்வெளியிலேயே, ஒவ்வொரு போகமும் நடக்கிறது. போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர் எழும்பி, குளத்தில் இத்தனை ஏக்கரடி தண்ணீர் இருக்கிறது என்று சொல்வார். அதை வைத்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தக் கண்டத்துக்கு, எந்தத் திகதியில் மடை திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எத்தனை மாத நெல், மாடுகளை எப்போது வட்டையை விட்டு வெளியே கொண்டுபோவது என்று தீர்மானிப்பார்கள். சண்டை வரும், சத்தம் வரும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கிற வட்டவிதானையைப் பிடித்து ஏசுவார்கள். ஆனால் குளத்தில் இல்லாத தண்ணீருக்கு ஏக்கர் எழுத யாரும் கேட்பதில்லை. தண்ணீர் குறைந்த வருடத்தில் இருக்கிறதைப் பகிர்ந்து செய்கிறோம். போன வருடத்தை விட மூன்று வீதம் கூட விதைத்தே ஆக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பகிர்ந்தால் போதாமை வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு கல்லோயாக் கதையைச் சொல்வேன். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டும் திட்டம் 1949-இல் தொடங்கியது. அவ்வளவு பெரிய குளம் கட்டியும் இடதுகரைக் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1980-களின் தொடக்கத்தில் விவசாயிகளே வாய்க்கால் வாய்க்காலாகக் குழு சேர்ந்து, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், மேல்மடைக்காரர் மிச்சம் பிடித்த தண்ணீர் கீழே இறங்கியது. புதுக் குளம் கட்டவில்லை, ஆறு பெருகவில்லை, ஆனால் அதே தண்ணீர் கூட நிலத்துக்குப் போனது. மேல்மடையில் சிங்கள விவசாயிகள், கீழே தமிழர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது இனக்கலவரமும் யுத்தமும் வெடித்த 1980-கள் என்பதையும் மறக்கக் கூடாது.

குளத்துக்கு இருக்கிற இந்த அறிவு வாவிக்கும் கடலுக்கும் மணலுக்கும் காட்டுக்கும் ஏன் இல்லை என்பதுதான் என்னுடைய கேள்வி. மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதைத்தான் நான் உங்களிடம் திருப்பிக் கேட்க விரும்புகிறேன்.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா? சூரிய சக்தி, மின்சார வாகனம்?

உதவும். கூரையில் சூரியத் தகடு போடுவதை யாரும் குறை சொல்லவில்லை. பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே காபன் வெளியேற்றத்தைக் குறைத்துக் காட்டிய ஐரோப்பிய நாடுகளும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் குறைகிற வேகம் போதாது, அதோடு காபன் ஒன்று மட்டும் பிரச்சினை இல்லை. பூமி தாங்கக்கூடிய எல்லைகள் என்று விஞ்ஞானிகள் ஒன்பதைக் குறித்திருக்கிறார்கள், 2009-இல் தொடங்கிய வேலை அது. காலநிலை, உயிரினங்கள், நன்னீர், காடு, நைதரசன்–பொசுபரசு என்று போகும். 2023-இல் திரும்பக் கணக்குப் பார்த்தபோது அதில் ஆறு மீறப்பட்டிருந்தது.

இன்னொன்று, சிக்கனமான இயந்திரம் வந்தால் மொத்தப் பாவனை குறையும் என்று நினைக்கிறோம், பல நேரம் கூடிவிடுகிறது. நிலக்கரியில் இது நடந்ததை ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் 1865-இலேயே எழுதினார். நம் கடலிலும் பார்க்கலாம். பெரிய எஞ்சின், நீண்ட வலை, மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி, எல்லாம் வந்தன. படகு கெட்டியானது, மீன் அதே வேகத்தில்தான் குஞ்சு பொரிக்கிறது.

நாங்களே கஷ்டப்பட்ட மாவட்டம். யுத்தம், சுனாமி, வெள்ளம் எல்லாம் பட்டோம். எங்களிடம் வந்து வளர்ச்சி வேண்டாம் என்று சொல்வது நியாயமா?

உங்களிடம் குறைக்கச் சொல்லவில்லை. இலங்கையில் ஓர் ஆள் வருடத்துக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்காவில் 14 தொன் அளவில், கத்தாரில் 30 தொன்னுக்கு மேல். உலக வெளியேற்றத்தில் ஏறத்தாழ அரைவாசி, வசதி கூடிய பத்து வீதம் பேருடையது. குறைப்பு அங்கேதான் தொடங்க வேண்டும், அப்புறம் நம் நாட்டுக்குள்ளேயும் அப்படி வாழ்கிறவர்களிடம்.

படுவான்கரையில் கூட வேண்டியவை நிறைய இருக்கின்றன. கோடையில் உவராகாத குடிதண்ணீர், மழைக்கு அறுபடாத ரோட்டு, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் ஓடுகிற பஸ், யானை வராத வேலி, கணித ரீச்சர். இவை கூடட்டும், இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்போம். மொத்தப் பொருளாதாரம் வளர்ந்தால் இவை தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கையைத்தான் விடச் சொல்கிறோம், வளர்ந்த வருடங்களிலும் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லையே.

நாட்டின் சொந்தக் கதையே இதற்குச் சாட்சி. இலவசக் கல்வி 1945-இல் வந்தது, இலவச வைத்தியம் இருக்கிறது. இன்றைக்கு இலங்கையர் ஒருவரின் சராசரி ஆயுள் 76 வயதைத் தாண்டும், அமெரிக்கரை விட ஓரிரு வருடம்தான் குறைவு. அவர்களுடைய தலா வருமானமோ எங்களுடையதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு.

உண்மையான பிரச்சினை சனத்தொகைதானே? அதை ஏன் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

சொல்கிறேன். உலக சனத்தொகை 2022 கார்த்திகையில் 800 கோடியைத் தொட்டது. அது ஒரு பாரம்தான், இல்லை என்று சொல்வது பொய். ஆனால் கூடும் வேகம் எப்போதோ குறையத் தொடங்கிவிட்டது. 1960-களில் வருடத்துக்கு இரண்டு வீதத்துக்கு மேல் கூடியது, இப்போது ஒரு வீதத்துக்கும் குறைவு. 2080-களின் நடுப்பகுதியில் 1,030 கோடி அளவில் உச்சத்துக்கு வந்து பிறகு இறங்கும் என்று ஐ.நா. 2024-இல் கணித்தது.

இலங்கையில் 1981-இல் ஒரு கோடியே 48 இலட்சம் பேர், 2012-இல் இரண்டு கோடியே 3 இலட்சம், 2024 கணக்கெடுப்பில் இரண்டு கோடியே 17 இலட்சம். வருடத்துக்கு அரை வீதம் அளவில்தான் கூடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு தாய்க்குச் சராசரி ஐந்து பிள்ளைக்கு மேல், இப்போது இரண்டு அளவில். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி நெருக்கமான ஊர்களில் காணி இல்லாத கஷ்டம் உண்மையானது, ஆனால் அது பெரும்பாலும் காணி யாரிடம் இருக்கிறது, எங்கே வீடு கட்டலாம் என்ற கேள்வி. மேலே சொன்ன 10,000 கோடி தொன்னை இந்த ஊர்கள் எடுக்கவில்லை.

எங்கள் சமூகம் குறைந்து மற்றவர்கள் கூடிவிட்டால்? இங்கே தலைக்கணக்கில்தான் எல்லாம் நடக்கிறது.

கிழக்கில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சனத்தொகையைப் பற்றிப் பேசவே முடியாது. தமிழர் கேட்கிறார்கள், முஸ்லிம்கள் கேட்கிறார்கள், சிங்களவர்களும் கேட்கிறார்கள். ஆசனம், உத்தியோகம், காணி எல்லாம் எண்ணிக்கையை வைத்துப் பங்கு போடுகிற நாட்டில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாம் கண்டோம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது.

அதனால் இதில் நாங்கள் ஒரு அங்குலம் கூட விட்டுக்கொடுப்பதில்லை. எத்தனை பிள்ளை என்பது அந்தப் பெண்ணும் அவளுடைய துணையும் எடுக்கிற முடிவு. அரசாங்கமோ, சமயத் தலைவரோ, அரசியல் கட்சியோ, எங்களைப் போன்ற சுற்றுச்சூழல் ஆட்களோ அதற்குள் வரக் கூடாது. 1976-இல் இந்தியாவில் அவசரநிலையின்போது ஆட்களைப் பிடித்துக் கருத்தடை செய்தார்கள், சீனாவில் 1980 தொடக்கம் 2015 வரை ஒற்றைப் பிள்ளைச் சட்டம். இரண்டும் மனிதர்களுக்குச் செய்த கொடுமை. இலங்கையில் பிறப்பு வீதம் குறைந்தது யாரும் அடித்துக் குறைத்ததால் இல்லை. பெண் பிள்ளைகள் படித்தார்கள், கலியாண வயது தள்ளிப்போனது, பிறந்த பிள்ளை தப்பிப் பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, மருத்துவ மாது வீட்டுப் படலைக்கே வந்து குடும்பத் திட்டமிடல் பற்றிச் சொன்னார். சிறுவயதுத் திருமணத்தைத் தடுப்பதும், ஒரு பெண் பிள்ளையை ஏ.எல். வரை படிக்க வைப்பதும் தன்னளவிலேயே செய்ய வேண்டிய நல்ல காரியங்கள்.

உரிமைக்குப் பாதுகாப்பு எண்ணிக்கையில் இருந்து வரக் கூடாது, சட்டத்தில் இருந்து வர வேண்டும். அதற்கான அரசியலை மூன்று சமூகமும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

சனம் குறைந்தால் வயதானவர்களை யார் பார்ப்பது?

இப்போதே பிள்ளைகள் கத்தாரிலும் லண்டனிலும் இருக்க, அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கிற வீடு எத்தனை. கூடப் பிள்ளை பெற்றிருந்தாலும் அவர்களும் போயிருப்பார்கள். பராமரிப்பை ஊதியம் உள்ள, பயிற்சி உள்ள, மதிப்பான வேலையாக்க வேண்டும், ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே செய்யக்கூடிய வேலை அது. மண்ணும் கல்லும் தேவைப்படாத வேலையும் கூட.

வேலை? மணல், கடற்கரை மணலில் எடுக்கும் இல்மனைட் கனிமம், ஹோட்டல் எல்லாவற்றையும் எதிர்த்தால் பொடியன்கள் எங்கே போவது?

எல்லாவற்றையும் எதிர்க்கவில்லை, ஒவ்வொன்றிடமும் கணக்குக் கேட்கிறோம். மணல் ஏற்றுகிற பொடியனின் சம்பளத்தையும், அந்த மணல் கொழும்புக்குப் போய் விற்கிற விலையையும், ஆற்றங்கரை இடிந்து கிணறு இறங்கினதால் ஊர் படுகிற நட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2018-இல் புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை வரப்போகிறது என்றதும் மட்டக்களப்பில் கடையடைத்து எதிர்த்தார்கள். வேலை வரும் என்று அப்போதும்தான் சொன்னார்கள். கோடையில் தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்கிற சனங்கள் நிலத்தடித் தண்ணீரைப் போத்தலில் அடைத்து அனுப்ப ஒத்துக்கொள்ளவில்லை.

குளம் திருத்துவது, கண்டல் நடுவது, குப்பையைத் தரம் பிரிப்பது, பழைய வீடு, பழைய படகு, பழைய எஞ்சின் திருத்துவது, பால் பதனிடுவது, பராமரிப்பு, போக்குவரத்து, இவற்றில் வேலை இருக்கிறது. இன்றைக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கக் காசு ஒதுக்குவதில்லை என்பதுதான் குறை.

நாடு கடனில் கிடக்கிறது. வளராமல் எப்படிக் கட்டுவது?

இருக்கிற கேள்விகளில் இதுதான் கஷ்டமானது. 2022 சித்திரையில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, 2023 பங்குனியில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும்வரை காட்டையும் கடலையும் மணலையும் டொலராக்கச் சொல்லி நெருக்குதல் இருக்கத்தான் செய்யும், தனியொரு நாடு மட்டும் நின்று இதைத் தீர்க்க முடியாது. கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று ஏழை நாடுகள் சேர்ந்து கேட்க வேண்டும், கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1953-இல் லண்டனில் செய்த உடன்படிக்கையில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறத்தாழ பாதியைத் தள்ளிவிட்டார்கள். போர் தொடுத்த நாட்டுக்கே அது கிடைத்தது.

இதெல்லாம் வயிறு நிறைந்த மேல்நாட்டுக்காரரின் சிந்தனை இல்லையா?

1892-இல் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, இந்திய சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குள் இருந்தபோது நிலைத்திருக்கும் பொருளாதாரத்தைப் பற்றி எழுதினார், 1945-இல் வெளிவந்தது. பிறரை உறிஞ்சி வாழ்வது தொடங்கி, பலனை எதிர்பார்க்காமல் சேவை செய்வது வரை பொருளாதாரங்களை ஐந்து வகையாகப் பிரித்தார். தீர்ந்துபோகும் வளங்களில் கட்டின நாகரிகம் சண்டையில்தான் முடியும் என்பது அவருடைய வாதம். மேல்நாட்டில் இதைப் பேசியவர்களும் இருக்கிறார்கள், உலக வங்கிக்குள்ளேயே வேலை செய்த பொருளியலாளர் ஹேர்மன் டேலி மாதிரி. சரியான கருத்து எந்தத் திசையில் இருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வாவிக்கு இதை எப்படிப் பொருத்துவது?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், ஆழம் குறைவு. மாரியில் வெள்ளாமை தண்ணீரில் தாழும்போது, வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டு என்று விவசாயி கேட்பார், அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று மீனவர் சொல்வார். இரண்டு பேரும் சொல்வது சரி, அதனால் பேசி நாள் குறிக்கிறார்கள். குளத்துக் கூட்டத்தைப் போன்ற ஒரு வழக்கம் அங்கேயும் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பெரிதாக்க வேண்டும். எத்தனை தோணி, எந்தக் கண் அளவு வலை, தங்கூசி (நைலோன் இழை) வலையை எப்படி நிறுத்துவது, எந்த மாதம் எந்த இடத்தை விட்டுவைப்பது, இதையெல்லாம் வாவியில் இருக்கிற மீனை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். கரையில் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி வளவு பிடிப்பதை நிறுத்த வேண்டும், கண்டலுக்குள்தான் இறால் குஞ்சு வளர்கிறது. கண்டல் காடு முழுவதையும் பாதுகாப்போம் என்று 2015-இல் இலங்கை அறிவித்தது, அதை வாவிக்கரையில் நின்று ஞாபகப்படுத்த வேண்டியது நாம்தான்.

சரி, ஊரில் இருந்து எங்கே தொடங்குவது?

ஊருக்கு ஓர் எல்லையைத் தெரிவு செய்து அளக்கத் தொடங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எந்த மாதம் உவர்க்கிறது. ஒரு குறித்த தென்னையில் இருந்து அலை வரைக்கும் எத்தனை அடி. ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள். ஒரு வருடத்துக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு வேறு மரியாதை.

புதுத் திட்டம் ஒன்று வந்தால், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், கழிவு எங்கே போகிறது, யாருடைய தொழில் பாதிக்கும், பத்து வருடத்துக்குப் பிறகு திருத்துகிற செலவு யாருடையது என்று கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படுகிற திட்டம் என்றால் அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது, அநேகம் பேர் அதைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு ரோட்டில் நிற்கிறோம். அறிக்கையைக் காட்ட மாட்டோம் என்றால் 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.